சாயம் என்று நான் சொன்னது

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. ஜவுளிக்கடை ஒன்றின் தள்ளுபடி விளம்பரத்துக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தேன். ஆட்டோவில் மைக் கட்டித் தெருத் தெருவாகப் போகிற விளம்பரம்; தமிழில் ஆறு வரி, தெலுங்கில் ஆறு வரி. நாலாவது வரியில் இருக்கும்போது பொதட்டூர்பேட்டையிலிருந்து தணிகாசலத்தின் அக்கா வள்ளியம்மா போன் செய்தார். "தம்பி, தணிகாசலம் பூட்டான்பா. டீ குடிச்சான், வாய தொடச்சி வுட்டேன், டம்ளர கழுவிட்டு வர்றதுக்குள்ள பூட்டான்" என்றார். அவர் குரலில் அழுகை இல்லை. எனக்கும் உடனே வரவில்லை. எழுதின தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பாதி வழியில் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். தணிகாசலம் மைக்கில் வாசிக்கும்போது மூச்சு விடுகிற இடங்களில் எல்லாம் சின்னச் சின்னக் கோடு போட்டு வைத்திருந்தேன். அவன் படுத்த படுக்கையாகி இரண்டு மாதம் ஆகியும் என் கைக்கு அது தெரியவில்லை. பக்கத்து சீட்டு அம்மாள் "இன்னாங்க, இன்னா ஆச்சி?" என்று கேட்கிற அளவுக்கு அழுதேன்.

அவன் என்றே எழுதுகிறேன். அவர், அன்னார் என்றெல்லாம் போட்டால் எங்கிருந்தாவது வந்து சிரிப்பான். திருத்தணியில் இருக்கிற உங்களில் பாதிப் பேருக்கு அவன் முகம் தெரியாது. குரல் தெரியாதவர் ஒருவரும் இருக்க மாட்டீர்கள். பள்ளிக்கூட அட்மிஷன், கண் பரிசோதனை முகாம், புதுக் கடைத் திறப்பு, இறப்புச் செய்தி எல்லாம் இருபத்திரண்டு வருஷமாக அவன் வாயால்தான் உங்கள் வாசலுக்கு வந்தன. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் எங்கள் ரெக்கார்டிங் அறை. சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டியிருக்கும், ஆறடிக்கு எட்டடி. உள்ளே அவன் பேசுவான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் எழுதுவேன், பதிவு செய்வேன். அவனுக்கும் எனக்கும் ஒரே வயது. அவன் பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை, நான் அம்மையார்குப்பத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. என்னை 'பாவா' என்பான், நானும் அவனை 'பாவா' என்பேன். எங்கள் பக்கத்தில் அத்தை பிள்ளையாக இல்லாவிட்டாலும் அப்படித்தான்.

அவனைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு, உங்களுக்கே தெரியும். திமிர் பிடித்தவன். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வாசலோடு மொய் எழுதிவிட்டுப் போய்விடுவான், பந்தியில் உட்கார மாட்டான். வீட்டுக்குப் போனால் நாற்காலி போட்டாலும் நின்றுகொண்டே பேசுவான். பஸ்ஸில் சீட் காலியாக இருந்தாலும் படிக்கட்டில் நிற்பான். ரெக்கார்டிங் அறைக்குள் யாரையும் விட மாட்டான். கதவைச் சாத்தி நாலு ஊதுபத்தி கொளுத்தி வைத்துக்கொள்வான். விளம்பரம் கொடுக்க வருகிறவர்கள் அதைப் பக்தி என்று நினைத்தார்கள். அவன் கால்களை அகட்டி அகட்டி நடப்பதைப் பார்த்து எதிர்க்கடை மெக்கானிக் பையன்கள் பின்னாலேயே அதே மாதிரி நடந்து காட்டுவார்கள். அவன் திரும்பிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் அகலமா வைடா, அப்பதான் சரியா வரும்" என்பான்.

இப்போது விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அவன் பிறக்கும்போதே அடிவயிறு மூடாமல் பிறந்தவன். நமக்கெல்லாம் வயிற்றுக்குள் இருக்கிற சிறுநீர்ப்பை, அவனுக்குத் தொப்புளுக்குக் கீழே திறந்து வெளியே மலர்ந்து கிடந்தது. சிவந்த சதையாக, உள்ளங்கை அகலத்துக்கு. சிறுநீர் தேங்க இடம் கிடையாது. இரவும் பகலும் சொட்டிக்கொண்டே இருக்கும். இடுப்பெலும்பு முன்பக்கம் சேராததால்தான் அந்த நடை. பிறப்புறுப்பும் சரியாக அமையாததால்தான் கல்யாணப் பேச்சை எடுத்தவர்களை எல்லாம் விரட்டினான். குழந்தையாக இருக்கும்போதே ஆபரேஷன் செய்து மூடக்கூடிய குறை. அவனுக்கு யாரும் மூடவில்லை. ஐம்பது வயது தாண்டி அந்தத் திறந்த சதையிலேயே புற்றுநோய் வந்தது. குடும்பத்தார் உங்களிடம் 'வயித்துல கட்டி' என்று சொல்லியிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் தணிகாசலம் என்னிடம் சொல்லிவிட்டுப் போனது வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அவன் பிறந்த கதையை வள்ளியம்மா அக்கா சொல்லித்தான் தெரியும். அப்போது அக்காவுக்கு எட்டு வயது. குழந்தையைப் பார்த்ததும் மருத்துவச்சி துணியைப் போட்டு மூடிவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டாளாம். பிழைக்காது என்றார்கள். அவனுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் தவறியிருந்ததால் அவர்கள் நைனா அவனை மலைக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சாமி காலடியில் போட்டு, ஒரு படித் தவிடு கொடுத்துத் திரும்ப வாங்கி வந்தார். நம் பக்கத்தில் பிழைக்காத பிள்ளைக்கு அதுதான் வழி. தவிட்டுக்கு வாங்கின பிள்ளை சாமி பிள்ளை. பெற்றவனுக்கு வளர்க்கத்தான் உரிமை. அதற்கு அப்புறம் சென்னையில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டியபோது, ஒரே தடவையில் முடியாது, நாலைந்து தடவை கத்தி வைக்க வேண்டியிருக்கும், ஆனாலும் மூடிவிடலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். நைனா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "சாமி கிட்டருந்து வாங்கிக்கினு வந்த புள்ள. அத கத்திக்கு குடுக்க நான் யாரு?" அவ்வளவுதான். அவர் கொடுமைக்காரர் இல்லை என்று அக்கா இரண்டு தடவை சொன்னார். தறியில் உட்கார்ந்தால் மடியில் அவனைப் படுக்க வைத்துக்கொண்டுதான் நெய்வாராம். பாவு நூல் நனைந்தால் அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மறுபடி பிணைப்பாராம். எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது, அடுத்த நிமிஷம் போய்விடுகிறது.

இருபத்திரண்டு வயதில் தணிகாசலம் தானாகவே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனான். அக்காவுக்கும் சொல்லவில்லை. அங்கே ஒரு டாக்டர் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இந்த வயதில் இப்படி ஒரு உடம்பை அவர் புத்தகத்தில்தான் பார்த்திருப்பார் போலிருக்கிறது. மாணவர்களைக் கூப்பிட்டார். பத்துப் பன்னிரண்டு பேர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். பெண் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒருவர் போட்டோ எடுத்தார். இதை என்னிடம் சொன்னபோது அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "எல்லாரும் வயித்தையே பாத்துக்கினு இருந்தாங்க பாவா. மேல மூஞ்சி ஒண்ணு கீதுன்னு ஒரு ஆளுக்கும் தெரியல." அன்றைக்கு எழுந்து வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்தவன் பிறகு இருபத்தொன்பது வருஷம் எந்த டாக்டருக்கும் அந்த இடத்தைக் காட்டவில்லை. ஜுரத்துக்கு மாத்திரை வாங்குவதற்குக்கூட என்னைத்தான் மருந்துக்கடைக்கு அனுப்புவான்.

ஒரு ஆடிக் கிருத்திகையில் நடந்ததை உங்களில் சிலர் உங்கள் காதாலேயே கேட்டிருப்பீர்கள். மலையடிவாரத்துப் பந்தலில் அவனை மைக்கில் உட்கார வைத்திருந்தார்கள். காணாமல்போனவர்களைத் தேடுகிற அறிவிப்பு. நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் வரும் கூட்டத்துக்குத் தெலுங்கிலும் சொல்ல வேண்டும். காலையிலிருந்து நகர முடியவில்லை, துணி மாற்ற முடியவில்லை. மத்தியானம் சீட்டு கொண்டுவந்த ஒரு தொண்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "யோவ், எவன்யா பந்தல்லயே ஒண்ணுக்குப் போனது?" என்றார். மைக் திறந்திருந்தது. அடிவாரம் முழுக்க அது கேட்டது. காவடி தூக்கிக்கொண்டு நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். தணிகாசலம் ஒரு நொடிகூட நிறுத்தவில்லை. "நகரியிலிருந்து வந்திருக்கும் ராஜம்மா அவர்களை அவருடைய மகன் இங்கே தேடிக்கொண்டிருக்கிறார்" என்று தமிழில் சொன்னான், தெலுங்கில் சொன்னான், மறுபடி தமிழில் சொன்னான். சாயந்திரம் இறங்கி வரும்போது என்னிடம், "நல்ல மைக் பாவா. தூரத்துலருந்தே இழுக்குது, வாடகை இன்னான்னு கேட்டு வை" என்றான். நான் சிரித்தேன். அவன் அப்படிச் சொன்னதே நான் கேட்கட்டும் என்றுதானோ என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

ஏனென்றால் எனக்கு ஒரு கொள்கை இருந்தது. கேட்கக்கூடாது. அவனுக்கு என்னவோ நீர்க்கோளாறு இருக்கிறது, சொல்ல வெட்கப்படுகிறான், நாம் கேட்டு அவன் மனசைப் புண்படுத்தக்கூடாது. இருபத்திரண்டு வருஷம் இதை நான் கட்டிக் காத்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு. மற்றவர்கள் மூக்கைச் சுளிக்கிறார்கள், நான் சுளிப்பதில்லை என்று மனதுக்குள் மாலை போட்டுக்கொண்டவன் நான். எங்கள் அண்ணன் வீட்டில் விசைத்தறி ஓடுகிறது. நெய்யும்போது இழை அறுந்து கோளாறாகிப்போகிற கைலித் துணியை டேமேஜ் என்று ஓரமாகப் போடுவார்கள். அதை மாதம் ஒரு மூட்டை கொண்டுவந்து ரெக்கார்டிங் அறை மூலையில் வைப்பேன். "மெஷின் தொடைக்க ஆவும்" என்பேன். "ஆங், தூசு ஜாஸ்திதான்" என்பான். எங்களிடம் இருந்த மெஷின் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு மிக்ஸரும். அதைத் துடைக்க மாதம் ஒரு மூட்டை துணி எதற்கு என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவன் அதை மடித்து இடுப்பில் வைத்துக் கட்டிக்கொள்வான் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும். நாகரிகம் என்றால் இதுதான் என்று நான் நினைத்தேன்.

போன வருஷத்துக்கு முந்தின ஐப்பசியில் அண்ணன் வீட்டுத் தறிகளில் எல்லாம் அரக்கு ஆர்டர். கட்டம் இல்லாத, அடர்ந்த அரக்குக் கைலி. டேமேஜும் அரக்குதான். ஒரு மூட்டை கொண்டுவந்து வைத்தேன். பத்து நாள் கழித்து ஒரு பதிவு முடிந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மைக்கிலேயே, அவன் கேட்டான்: "பாவா, அந்த அரக்குத் துணி சாயம் வுடுதா?"

அத்தனை வருஷத்தில் அந்தத் துணியைப் பற்றி அவன் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. ஏன் கேட்கிறாய் என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் தறிக்காரன் வீட்டில் பிறந்தவனிடம் சாயத்தைப் பற்றிக் கேட்டால் சும்மா இருப்பானா? ஒரு பிரசங்கமே செய்தேன். "புதுசு இல்ல? அரக்கு எப்பவும் மூணு நாலு தண்ணி வுடும் பாவா. அதுலயும் நூல் சாயம் போட்டு ஈரத்தோட பாவு ஓட்டிருப்பானுங்க. உப்புத் தண்ணில ஒரு ராத்திரி ஊறப் போட்டு அலசு, நின்னுடும்." அவன் "ஆங், அதான் பாத்தேன்" என்றான். முகம் தெளிந்துவிட்டது. அந்தத் தெளிவை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு உபகாரம் செய்த திருப்தியோடு அடுத்த வாசகத்தை எடுத்துக் கொடுத்தேன்.

பொங்கல் கழித்து மறுபடி கேட்டான். "உப்புல போட்டும் வுட்டுக்கினே இருக்குது பாவா." எனக்குக் கோபம் வந்தது, அவன்மேல் இல்லை, சாயக்காரர்மேல். அண்ணனுக்குப் போன் போட்டு, மட்டச் சாயம் போட்டு ஏமாற்றுகிறார்கள், நீயும் வாயை மூடிக்கொண்டு வாங்குகிறாய் என்று சண்டை போட்டேன். அண்ணன் "எங்களுக்கு ஒருத்தரும் புகார் சொல்லலியேடா" என்றார். நான் விடவில்லை. சாயக்காரர் வீட்டுக்கே போய், அவர் வாசலில் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து காட்டச் சொன்னேன். தண்ணீர் லேசாகத்தான் சிவந்தது. அவர், "இதுக்கா இம்மாந் தூரம் வந்தீங்க?" என்று கேட்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். தணிகாசலத்தின் துணி மட்டும் ஏன் இன்னும் சாயம் விடுகிறது என்று யோசிக்காமல், அவன் சரியாக அலசவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அரக்கு ஆர்டர் சித்திரை வரைக்கும் ஓடியது. வைகாசியில் அண்ணன் வீட்டில் வெள்ளைக் காடாத் துணி போட்டார்கள். அதில் ஒரு மூட்டை கொண்டுவந்து வைத்து, "இனிமே சாயத் தொந்தரவு இல்ல பாவா" என்றேன். மூன்றாம் நாள் காலை நான் மாடி ஏறும்போது அவன் எனக்கு முன்னாலேயே வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தான். எப்போதும் நின்றுகொண்டே இருப்பவன்தான், ஆனாலும் அன்றைக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். மெதுவாகச் சொன்னான்:

"பாவா, வெள்ளத் துணியும் சாயம் வுடுது."

அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போய், முதல் முறையாக, "எங்க, காட்டு" என்றேன். காட்டினான். அவன் பிறவிக் குறையையும் அதன்மேல் முளைத்திருந்த பூக்கோசு மாதிரியான கட்டியையும் நான் ஒரே நேரத்தில் பார்த்தேன். எது பிறந்தபோது வந்தது, எது இப்போது வந்தது என்று எனக்குப் பிரித்துத் தெரியவில்லை. அவனுக்கும் அதுதான் நடந்திருந்தது. "அது எப்பவும் செவப்பாதான் இருக்கும் பாவா. ஒரசினா கொஞ்சம் ரத்தம் வரும்தான். குனிஞ்சி பாக்கறத எப்பவோ வுட்டுட்டேன், கையால கழுவறதோட சரி. செவப்புத் துணில செவப்பு பட்டா இன்னா தெரியும்? நீ வேற சாயம்னியா..." என்றான். கடைசி வார்த்தையைக் குற்றமாகச் சொல்லவில்லை. நான்தான் அப்படி எடுத்துக்கொண்டேன், எடுத்துக்கொள்ள வேண்டியதும்தான்.

சென்னையில் அவனைப் பார்த்தது ஒரு பெண் டாக்டர். அவர் செய்த முதல் காரியத்தை நான் மறக்கமாட்டேன். திரையை இழுத்துவிட்டு, ஒரு நர்ஸைத் தவிர எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, அவன் முகத்தைப் பார்த்து, "தணிகாசலம், நான் பார்க்கலாமா?" என்று கேட்டார். சோதனை எல்லாம் முடிந்தபிறகு என்னிடம் விளக்கினார். "சிறுநீர்ப்பையோட உள் தோல் வெளியில இருக்கறதுக்கு உண்டானது இல்ல சார். வருஷக்கணக்கா துணி உரசி, புண்ணாகி, கிருமி பட்டுன்னு இருந்தா அது தன்னையே மாத்திக்க ஆரம்பிக்கும். அப்படி மாறின இடத்துலதான் இந்தப் புத்து வருது. குழந்தையிலேயே மூடியிருக்கணும். அதை விட்டாலும், பெரியவரானப்பவாவது அந்தப் பையை எடுத்துட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது." சாயத்தால் வந்ததா என்று கேட்டேன். எனக்கு யார்மேலாவது பழி போட வேண்டியிருந்தது. "இவருக்கு வர்றதுக்கு அதெல்லாம் தேவையே இல்ல" என்றார். ஐப்பசியிலேயே வந்திருந்தால் என்று கேட்டேன். அவர் காகிதங்களை மறுபடி புரட்டிப் பார்த்தார். "உறுதியா எதுவும் சொல்ல முடியாது. கட்டி சின்னதா இருந்திருக்கும். இடுப்புக்குள்ள நெறிக்கட்டு வரைக்கும் போகாம இருந்திருக்கலாம்."

நைனா கொடுக்க மறுத்த கத்திக்குத் தணிகாசலம் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். பத்து மணி நேர ஆபரேஷன். சிறுநீர்ப்பையை முழுக்க எடுத்துவிட்டு, குடலில் ஒரு துண்டை வெட்டி, வயிற்றின் வலது பக்கம் ஒரு வாய் வைத்து, அதில் ஒரு பையை ஒட்டினார்கள். இனிமேல் சிறுநீர் பையில் சேரும். நிறைந்தால் திறந்து கொட்டிக்கொள்ளலாம். இருபது நாள் கழித்து வீட்டுக்கு வந்தவன் பண்ணிய முதல் வேலை, என் வீட்டுக்கு வந்து, கூடத்தில் இருந்த நாற்காலிகளில் நல்ல மெத்தை வைத்ததாகப் பார்த்து உட்கார்ந்ததுதான். ஐந்து நிமிஷம் கழித்து எழுந்து மெத்தையைத் தொட்டுப் பார்த்தான். மறுபடி உட்கார்ந்தான். என் மனைவி தண்ணீர் கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னொரு சொம்பு குடும்மா" என்றான். மைக்கில் பேசுகிறவன் இத்தனை வருஷமாக நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீரில் பேசியிருக்கிறான் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அப்படி அவனுக்கு ஏழு மாதம் கிடைத்தது. அந்த ஏழு மாதத்தில் அவன் போகாத கல்யாணம் இல்லை. ஆர்.கே.பேட்டையில் ஒரு கல்யாணத்தில் முதல் பந்தியில், நடு வரிசையில், வேண்டுமென்றே இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்தான். நான் எதிர் வரிசையில் இருந்தேன். அவனுக்கு யாரையும் தெரியாது, பக்கத்தில் இருந்தவர் அவன் இலைக்கு அப்பளம் தள்ளிவிட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற இடத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பாவா, பக்கத்துல இருந்தவன் கடைசி வரைக்கும் எழுந்து போவல, பாத்தியா?" என்றான். பார்த்தேன் என்றேன். "பாயசம் ரெண்டாவது தடவ வாங்கினான். எனக்கும் கேட்டு வாங்கினான்" என்றான். ஐம்பத்தொரு வயது மனிதன் அதைச் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டான். இந்தப் பந்தி அவனுக்கு இருபது வயதிலேயே கிடைத்திருக்க வேண்டியது. அவன் கேட்டதெல்லாம் பக்கத்தில் ஒருவர் எழுந்து போகாமல் சாப்பிட வேண்டும் என்பதுதான்.

பிறகு நோய் கல்லீரலுக்குப் போய்விட்டது. இன்னொரு ஆபரேஷனுக்கு வழியில்லை என்றார்கள். பொதட்டூர்பேட்டையில் அக்கா வீட்டில்தான் படுத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைதோறும் போவேன். கடைசிக்கு முந்தின ஞாயிறு, அக்கா கடைக்குப் போயிருந்த நேரம், பேச்சுவாக்கில் நான் அதைச் சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் இருந்துவிட்டேன் பாவா, உன் மனசு கஷ்டப்படக்கூடாது என்றுதான், என்றேன். சமாதானமாக ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் பொய் சொல்கிற ஆள் இல்லை.

"நீ கேட்டிருந்தா காட்டியிருப்பேன் பாவா" என்றான். "வேற யாரு கேட்டிருந்தாலும் காட்டியிருக்க மாட்டேன். நீ கேப்பேன்னு கொஞ்ச வருஷம் பாத்தேன். அப்பறம், உனக்கும் அருவருப்பாத்தான் இருக்கும்போல, பாவம் சொல்ல முடியாம கீறான்னு நெனச்சிக்கினு வுட்டுட்டேன்."

நான் அவன் மனசைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்த வருஷமெல்லாம் அவன் என் மனசைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிளம்பும்போது அவன் சொன்னான்: "வயித்துல கட்டின்னு சொல்லுவாங்க. சொல்லட்டும். நீ எழுதறவன், நீ சரியா எழுது. எங்கியாவது ஒரு ஊட்ல என்ன மாதிரி ஒரு புள்ள பொறந்திருக்கும். தவுடு குடுத்து வாங்கட்டும், வாணாங்கல. வாங்கினு நேரா டாக்டர் கிட்ட தூக்கினு போவட்டும்." வள்ளியம்மா அக்காவிடம் இதை எழுதலாமா என்று காரியத்தன்று கேட்டேன். தெருவில் பேசுவார்களே என்று தயங்கினார். பிறகு, "அவன் பேச்ச அவனே பேசிக்கினு போயிட்டான், எழுது தம்பி" என்றார்.

அதனால் எழுதினேன். அவனைத் திமிர் பிடித்தவன் என்றவர்கள், அவன் நடையை நடந்து காட்டியவர்கள், பந்தியில் உட்காராததைக் குத்திக் காட்டியவர்கள் எல்லாரையும்விட அவனுக்கு அதிகக் கெடுதல் செய்தவன் நான். அவர்கள் கேலிக்கு அவனிடம் பதில் இருந்தது. என் மரியாதைக்கு அவனிடம் பதில் இல்லாமல் போய்விட்டது.

போன வாரம் எங்கள் விளம்பர ஆட்டோ டிரைவர் மாடிக்கு வந்தார். வலது காலில் கைக்குட்டை சுற்றியிருந்தது. அவருக்குச் சர்க்கரை உண்டு. என்ன என்று கேட்டேன். "செருப்பு கடிச்சிடுச்சி சார், ஒண்ணுமில்ல" என்றார். அவிழ்த்துக் காட்டுங்கள் என்றேன். வேண்டாம் சார் என்றார். மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது, "இன்னா சார் இது, ஒரு மனுசன இப்படியா நச்சு பண்ணுவாங்க?" என்று எழுந்தார். நான் கதவில் நின்றுகொண்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, உட்கார்ந்து, அவிழ்த்தார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழி முழுக்க அவர் என்னோடு பேசவில்லை. இந்த அநாகரிகம்தான் தணிகாசலத்திடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது. அவன் உயிரோடிருந்தபோது, அந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஏதாவது ஒரு நாள், இது எனக்கு வந்திருக்கலாம்.